சமையலறைக்குப் போகாத குமிழிகள்

சோப்புக் குமிழிகள் கூடம் வரை ஒழுங்காகத்தான் வந்தன. அங்கே மாடிப்படியை ஒட்டி நின்ற கல்சுவரைக் கண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிப் போய்விட்டன. சுவருக்குப் பின்னால் இருந்த சமையலறையை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஊதிக்கொண்டிருந்த அம்மையார் பிளாஸ்டிக் வளையத்தை உதட்டிலிருந்து எடுத்து, "எங்கடி போறீங்க எல்லாரும்?" என்று குமிழிகளை அதட்டினார்.

அவர் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர் அல்ல. பெரும் பணக்காரர்களுக்கு வீடு வரைந்து கட்டிக் கொடுக்கும் கட்டடக் கலைஞர். கைப்பையில் அளவு நாடா, சாக்கட்டி, பொம்மைக் கடையில் வாங்கிய குமிழி பாட்டில் மூன்றும் எப்போதும் இருக்கும். கதவு ஜன்னல் மாட்டாத வீட்டில் அறை அறையாக நின்று ஊதுவார். குமிழி போகிற வழிதான் காற்று போகிற வழி. அது எங்கே தயங்கித் தொங்குகிறதோ, அங்கே நாளைக்கு யாருக்கோ முதுகு வேர்க்கும். கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர் 'குமிழி மேடம்'. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "போன வீட்டுல வேற பேரு. இது எவ்வளவோ பரவால்ல" என்கிறார். அந்தப் பேரைச் சொல்ல மறுத்துவிட்டார்.

சொகுசு வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வினோதம் உண்டு. வெளிச்சம் வேண்டும் என்று சுவர் முழுக்கக் கண்ணாடி போடுவார்கள். வெயில் சுடுகிறது என்று கண்ணாடிக்குக் கனத்த திரை போடுவார்கள். இருட்டாகிவிட்டதே என்று பட்டப்பகலில் விளக்குப் போடுவார்கள். "அந்த ஜன்னலுக்கு மேல சின்னதா ஒரு தொப்பி வச்சா போதும்ங்க. வெயில் வெளியவே நின்னு வெளிச்சத்தை மட்டும் உள்ள அனுப்பும்" என்று இவர் சொன்னால், தொப்பி எந்த நாட்டில் கிடைக்கும், என்ன விலை என்று கேட்கிறார்கள்.

முதல் சந்திப்பில் அவர்கள் பளிங்குப் படங்களை மேசையில் பரப்ப, இவர் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "எல்லாம் சரி, ஈரத்துண்டு எங்க காயும்?" ஆறு குளியலறை கேட்டவர்கூட இதை யோசித்திருக்க மாட்டார். "அப்ப அந்தத் தேக்கு நாற்காலி முதுகுலதான் தொங்கும், பாத்துக்குங்க."

அவருடைய சொந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்குச் சக்கரம் உண்டு. வெளிச்சம் எந்த அறையில் நன்றாக இருக்கிறதோ அங்கே மேசை போய்விடும். பல் டாக்டரான கணவர் குமுறுகிறார்: "கை கழுவிட்டு வர்றதுக்குள்ள மேசை காணாமப் போயிடுதுங்க. சாப்பாட்டை வீட்டுக்குள்ளயே தேடிப் போய்ச் சாப்பிடுற ஆளு நான் ஒருத்தன்தான்." அம்மையார் விடுவாரா? "அடுத்தவங்க வாய்க்குள்ளயே லைட் அடிச்சுப் பாக்குற மனுஷனுக்கு வெயிலோட அருமை எங்க தெரியும்?"

மீண்டும் அந்தக் கல்சுவருக்கு வருவோம். வீடு ஒரு சரக்குக் கப்பல் முதலாளியுடையது. சுவர் இரண்டு மாடி உயரம். சாம்பல் நிறக் கல், இடையில் ஒட்டுத் தெரியாது. மேலே இருந்து மாலை வெயில் விழுந்தால் அப்படியே தேன் நிறமாகிவிடும். பார்க்க வருகிறவர்கள் வணக்கம் சொல்லும் முன் செல்போனை எடுக்கிறார்கள். வரைபடத்தில் இந்தச் சுவர் இப்படி இல்லை. சமையலறைக்குக் காற்று போக அதில் வரிசையாகத் துளைகள் இருந்தன. கல் ஏற ஏற அதன் அழகில் சொக்கிப்போய், துளைகளை அடைக்கச் சொன்னவர் யார் என்கிறீர்கள்? ஊரார் கண்ணாடிக்கு மயங்குவதைக் கேலி செய்த இதே அம்மையார்தான்.

"உடைக்கணும்" என்றார், சுவரைப் பார்க்காமல்.

"இதையா மேடம்?" என்றார் மேஸ்திரி. "மேல எதையும் தாங்கல, உடைக்கலாம்தான். ஆனா வந்ததும் இதைத் தடவிக் குடுத்துட்டுத்தானே மத்த வேலையே பாப்பீங்க?"

முதலாளி பதறிக்கொண்டு வந்தார். "இந்தச் சுவர்தாங்க வீடே. மத்ததெல்லாம் வெறும் ரூம். இதுல கை வச்சீங்கன்னா மீதி வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"தாராளமா பாருங்க. ஆனா தப்பு என்னுது. அதைச் சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

"சமையல்கட்டுல ஒரு ஃபேன் போட்டா முடிஞ்சுது. அங்க யாருங்க நாள் பூரா நிக்கப் போறா?"

"நான்தான்." சமையலறைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இத்தனை வருஷமா உங்களுக்குச் சோறு தானா வெந்துதுன்னு நெனச்சீங்களா?"

குமிழி மேடம் பாட்டிலை முதலாளியிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி நாகரிகம் தெரிந்தவர். கூரையை ஆராய ஆரம்பித்தார். முதலாளி ஊதினார். குமிழிகள் அவர் முகத்துக்கு எதிரே அப்படியே தொங்கின. ஒன்று மட்டும் மெல்ல வந்து அவர் மீசையில் உட்கார்ந்து உடைந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் கோபமாக மறுபடி ஊதினார். அப்போதும் அதே கதைதான்.

"அடுப்பே இன்னும் வரல, அதுக்குள்ள எனக்கு வேர்க்குது" என்று சட்டைக் காலரை விலக்கிக்கொண்டார். "சரி, உடைங்க. ஆனா போட்டோ எடுக்க வர்றவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?"

"சுவருக்கு மூக்கு வச்சோம்னு சொல்லுங்க. அதுவும் மூச்சு விட வேணாமா?"

மேஸ்திரி உளியை வைத்து முதல் கல்லைப் பெயர்த்தார். தூசி அடங்கும் முன்பே அம்மையார் ஊதினார். குமிழிகள் சுவர்வரை வந்து, தயங்கி, புதிய ஓட்டைக்குள் நுழைந்தன.

"ஏங்க, வந்துருச்சு! இங்க வந்து பாருங்க!" என்று சமையலறையில் ஒரே கூச்சல். முதலாளி ஓடினார், பின்னாலேயே மேஸ்திரியும் ஓடினார்.

குமிழி மேடம் போகவில்லை. குனிந்து, உடைந்த கல்லில் உள்ளங்கை அளவு சில்லு ஒன்றைப் பொறுக்கினார். சட்டை முனையால் அதன் தூசியைத் துடைத்தார். வெயில் விழுகிற பக்கமாக ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அதைக் கைப்பையில் போட்டு மூடினார்.