புளி தட்டும் நேரம்

அரூரில் அலுவலகக் கவுண்டரில் நாள் முழுக்க ஏச்சு வாங்கிவிட்டு, மொரப்பூர் பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்புவேன். வந்ததும் கண்ணில் படுகிறவர்மேல் பாய்வேன். அதனால் என் கணவர் நான் வருமுன்பே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மன அழுத்தம், கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார் டாக்டர். கண்ணை மூடினால் என்னைத் திட்டியவர்களின் முகம்தான் வந்தது. எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

மாசியில் என் நாத்தனார் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு நீக்கிய பழத்தைக் கல்லில் வைத்துச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன்.

"யார நெனச்சு இந்த அடி அடிக்கறீங்கண்ணி? புளி என்னங்க பண்ணுச்சு?"

"எங்க மேனேஜர" என்றேன். அடுத்த அடி என் கட்டைவிரலில் விழுந்தது.

அதன்பிறகு தட்டும்போது யாரையும் நினைப்பதில்லை. நினைத்தால் விரல் போய்விடும். தினமும் ஒரு கூடை தட்டிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஒரு சாயங்காலம் கணவர் சாப்பிடாமல் வெளியே வந்து, சுத்தி எட்டாத தூரத்தில் உட்கார்ந்து புளியில் நார் எடுத்தார்.

"சாப்புடலாமா, இன்னும் அடிக்கணுமா?"

"இந்தக் கூடை முடியட்டும், இருங்க."

இருந்தார்.