மூன்று வியாழக்கிழமைகள்

எந்த வெயிலிலும் பரமேஸ்வரன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டித்தான் போடுவார். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவு அகதி முகாமிலும் பிறகு மெல்பேர்ண் வீட்டிலும் மூன்று வருடமாக எல்லோரும் கண்ட பழக்கம் அது. உள்ளே ஷெல் காயத்தின் தழும்பு. அதைக் கண்டால் ஆட்கள் கதை கேட்பார்கள்.

அதனால் 2012இல் அந்தக் கையில் படர்தாமரை வட்டம் வட்டமாக வந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. மெல்பேர்ண் ஓரத்து ட்ருகனினாவில் புது வீடுகள் முடியும் வேலிக்கு அப்பால், டெக்லன் என்ற ஐரிஷ் கிழவர் தனியாக ஆறு கன்றுகள் வளர்த்தார். பரமேஸ்வரன் அவற்றுக்குத் தீனி வைக்கப் போன இடத்தில் தொற்றியது. இரண்டு கிழமையில் இறைச்சித் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கு மருத்துவப் பரிசோதனை. தோல் நோயென்றால் எடுக்கமாட்டார்கள். கிளிநொச்சியில் மனைவி புஸ்பராணி அந்த வேலையைத்தான் நம்பியிருந்தாள். மருந்துக்கடைக் களிம்பு பூசியும் வட்டம் பெருத்துக்கொண்டே போனது.

வாளி தூக்கும்போது பொத்தான் தெறித்து, டெக்லன் கண்டுவிட்டார்.

“பாரம்!” பரம் என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. “நான் ஏழாவது மகன். அப்படிப் பிறந்தவன் கைக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு. ஊரில் மாட்டுக்கும் மனிதருக்கும் இதை நான்தான் பார்ப்பேன். இன்றோடு மூன்று வியாழக்கிழமை வா. புண் மாறினாலும் மூன்றாவது தரம் வரவேண்டும்.”

கையைப் பிடித்து, பெருவிரலால் வட்டத்தை மூன்றுதரம் சுற்றி, ஏதோ முணுமுணுத்து ஊதினார். தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை. கையுறை போடாத ஒரு கை தன்னைத் தொட்டு எவ்வளவு காலம் என்று பரமேஸ்வரன் நினைத்தார். முகாமில் படிப்பித்தது தானாக வாயில் வந்தது.

“தாங்க் யூ, சேர்.”

“கெடுத்தாயே! இதற்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. கையைக் கொண்டா, முதலிலிருந்து!”

“ஐ ஆம் சொறி, சேர்.”

“அதையும் சொல்லாதே!”

வீட்டில் கூட இருந்த லதீஸ் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “என்ன அண்ணை, கடல் தாண்டி வந்தும் மந்திரிச்சுப் பார்வை பாக்கிறியளோ?”

“ஓம். தாங்க் யூ சொன்னா ஏச்சுத்தான்.”

“எங்கட அம்மாவும் அப்பிடித்தான். சோறு போட்டதுக்குத் தாங்க் யூ சொன்னா அகப்பையால போடுவா.”

பரமேஸ்வரன் தன் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தார். நன்றி சொல்லத் தேவையில்லாத ஒருவர் இந்த நாட்டில் தனக்கு இருக்கிறாரா என்று யோசித்தார்.

இரண்டாவது வியாழன் டெக்லன் இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தார். ஊதி முடித்தபின் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி குடித்தபடி கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த புதனுக்குள் புண் காய்ந்துவிட்டது. களிம்பாலா, விரலாலா, அவருக்குத் தெரியாது. பரிசோதித்த டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்கள். நாளை வியாழன். பரமேஸ்வரன் தொழிற்சாலைக்குப் போனார்.

அதன்பிறகு ஓய்வு நாட்களில் போக நினைப்பார். நன்றியும் சொல்லக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. வேறு எதைச் சொல்லிக்கொண்டு அந்த வாசலில் நிற்பது?

2013இல் ஒருநாள் துணிந்து போனார். வேலியைக் காணவில்லை. வீடு கட்ட முளைகள் அடித்திருந்தார்கள். டெக்லன் வெரிபியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் விலாசம் எழுதித் தந்தாள். பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். மூன்றாவது வியாழனுக்கு அவர் இன்னும் போகவில்லை.