நவம்பர் புத்தகத்தில் அண்ணன் பெயர்

“அன்று மதியம் கதவைத் திறந்ததும் நீங்கள் இருவரும் உள்ளே வந்தீர்கள். அதன்பிறகு வேறு யாரும் வரவில்லை.” சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு கத்தோலிக்கக் கோவிலைக் கவனித்துக்கொள்ளும் அம்மையார் எழுதிய மின்னஞ்சல் இது. டிசம்பர் மூன்றாம் தேதி மைசூரில் எனக்கு வந்தது. நான் போனது தனியாக.

பேய், ஆவி எதையும் நம்பியவனில்லை நான். யாராவது சொன்னால் தேதி கேட்பேன், கதை அதோடு நின்றுவிடும். நீங்களும் கேட்பீர்கள் என்றுதான் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நவம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. கோத்தன்பர்க்கில் வேலை பார்க்கும் மகள் வரும்வரை மழைக்கு ஒதுங்கத்தான் அந்தக் கோவிலுக்குள் போனேன். மைசூரின் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, செங்கல் சுவரும் வெளிர் மரப் பெஞ்சுமாக அது ஏதோ கிளை நூலகம் போல இருந்தது. பீடத்தருகே ஒரு புத்தகம். இறந்தவர்களின் பெயரை நவம்பரில் அதில் எழுதுவார்கள், மாதம் முழுக்கப் பூசையில் நினைத்துக்கொள்வார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். புத்தகத்தைக் கண்டால் புரட்டாமல் இருக்க என்னால் முடியாது. கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள், கீழே வெற்றிடம். மணி 2.10 என்று குறித்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. 2.40க்கு எழுந்து பார்த்தால் எட்டாவதாக ஒரு பெயர், தமிழில். என் அண்ணன் பெயர், கீழே ராமாபுரம் என்று எங்கள் ஊர்.

அண்ணன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொள்ளேகாலில் பஸ் ஏறியவர், பிறகு தகவலே இல்லை. இருக்கிறாரா என்று தெரியாததால் திதி கொடுக்கவில்லை, அண்ணி பொட்டை அழிக்கவில்லை. எழுத்தின் மேல் புள்ளி வைக்காமல் சின்ன வட்டம் போடுவது அவர் பழக்கம். அந்தப் பக்கத்திலும் வட்டம்தான். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

மகள் சிரித்தாள். “அப்பா, நீங்களே தூக்கத்துல எழுதியிருப்பீங்க. குறட்டை விட்டதை மட்டும் டைரில எழுத மாட்டீங்க, அல்வா?” ‘இல்லையா’ என்பதற்கு மைசூர்க் கன்னடம்தான் அவள் வாயில் வரும்.

இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வட்டம் வராது.

ஊர் திரும்பி, அண்ணியிடம் படத்தைக் காட்டினேன். பழைய கடிதம் ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அவரு கையெழுத்துதான் தம்பி. அவரே எழுதியிருந்தா உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்? அப்பறம் எதுக்குச் செத்தவங்க பொஸ்தகத்துல எழுதோணும்?”

கை அவருடையது, புத்தகம் இறந்தவர்களுடையது. எதை எடுத்துக்கொள்வது? அன்று யார் வந்தார்கள் என்று கோவிலுக்கு எழுதிக் கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது.

படித்துக் காட்டியதும் அண்ணி அந்தப் பழைய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, “கூட வந்தவருக்குத் தல நரைச்சிருந்துச்சான்னு கேளுங்க தம்பி” என்றார்.

கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அந்த மின்னஞ்சலில் அண்ணிக்கு நான் படித்துக் காட்டாத ஒரு வரி உண்டு: “அவர் எழுதி முடிக்கும்வரை நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.” இது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.