கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு தீவு

சித்திரை மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், ராயப்பன்பட்டியிலிருந்து நானும் என் கணவரும் மாட்டுவண்டியில் புறப்பட்டோம். பள்ளிக்கூடத்துச் சாரணர் படையிடம் இரவல் வாங்கிய கூடாரம் ஒன்று, ஒரு சட்டி, ஒரு பானை, மூன்று நாளைக்கு அரிசி, இரண்டு கம்பளி. இவைதான் எங்கள் சாமான். கேட்டவர்களிடமெல்லாம் தேக்கடி ஏரியைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னோம். பாதி உண்மை அது. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் செபஸ்தியான் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். சண்டை மூண்ட பிறகு பட்டாளத்து வைத்தியப் பிரிவில் சேர்ந்துவிட்டார். பயிற்சி முடிந்து பத்து நாள் விடுமுறையில் வந்திருந்தார். விடுமுறை தீர்ந்ததும் மதுரை, பிறகு பம்பாய், அங்கிருந்து கப்பல். கப்பல் எங்கே போகும் என்று சொல்ல மாட்டார்களாம். கடலைக் கண்ணால் பார்த்திராத மனிதர் அவர். கடல் கிடக்கட்டும், இடுப்பளவு தண்ணீருக்கே பயந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோது கமலைக் கிணற்றில் விழுந்து, மயங்கிய நிலையில் தூக்கப்பட்டவராம். ஊரே ஆற்றில் குதித்துக் குளிக்கும்போது அவர் மட்டும் கரையில் குந்தி, செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார்.

நான் வளர்ந்தது தூத்துக்குடியில். அப்பாவுக்குப் பூர்வீகம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குதான்; உப்பளத்தில் வேலை கிடைத்துப் போனவர். விடுமுறை நாட்களில் படகில் முயல் தீவுக்குப் போவோம். அத்தை பெண்களோடு அங்கே நீந்தப் பழகினேன். கலியாணமாகி மலையடிவாரத்துக்கு வந்த பிறகு கடலை நான் பார்க்கவே இல்லை. கூட்டிப்போவதாக வருஷா வருஷம் சொல்வார். பிறகு சண்டை வந்தது. மதுரைக்குப் போன ரயில் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. நான் ஏங்கிக் கிடந்த கடல் இப்போது அவரை மட்டும் தனியே அழைத்தது.

விடுமுறையில் வந்த மூன்றாம் நாள் நான் கேட்டேன்: "கப்பல் முங்கிட்டா என்ன செய்வீங்க?"

"அம்புட்டுப் பெரிய இரும்பே முங்கிருச்சுன்னா, நான் மிதந்து என்ன ஆகப்போகுது?"

"மிதக்கிறவங்களைத்தான் இன்னொரு கப்பல் வந்து தூக்கும்."

அதற்கு அவர் சொன்னார்: "ஆத்துல வச்சுப் பொண்டாட்டி எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தா, ஊரே கரையில வந்து உக்காந்துக்கிரும், ஞானம்."

அப்படித்தான் தீவு என்ற யோசனை வந்தது. தேக்கடி ஏரியின் நடுவே திட்டுத் திட்டாகத் தீவுகள் உண்டென்றும், கோடையில் தண்ணீர் இறங்கும்போது அவற்றைச் சுற்றிக் கரை வெளிப்படும் என்றும், கூடலூரிலிருந்து போய் மீன் பிடிக்கிறவர்கள் அங்கே குடிசை போட்டுத் தங்குவார்கள் என்றும் அவர் ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டிருந்தார்.

உத்தமபாளையத்தில் பஸ் ஏறினோம். பின்புறம் கரி அடுப்பு கட்டிய பஸ். அடுப்பைக் கிளறி, விசிறி சுற்றி, புகை சரியாக வந்த பிறகுதான் கிளம்பும். கூடலூர் வரை பன்னிரண்டு மைல், ஆளுக்கு ஆறணா. கம்பத்தைத் தாண்டியதும் ஒரு சிறு ஏற்றத்தில் வண்டி முனகி நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஆம்பளையாளுக எறங்கி நடங்கய்யா. பொம்பளையாளுக இருங்க. இன்னும் ரெண்டு மேடு இருக்கு, இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. என் கணவர் நடந்தபடியே ஜன்னலோரம் வந்து, "இதே மாதிரி கப்பலும் நடுவுல நின்னு, எறங்கி நடங்கன்னு சொன்னா?" என்றார். வண்டியிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கூடலூரில் மத்தியானச் சாப்பாடு. அதன் பிறகு ஏலக்காய்த் தோட்டத்து லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. குமுளி வரை ஆறு மைல் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. அறுவடை முடிந்து வெளுத்த வயல்கள், இடையிடையே தென்னந்தோப்புகள், தூரத்தில் புகைபோல ஒரு மலை. காற்று குளிர்ந்தது. எல்லைச் சாவடியில் திருவிதாங்கூர்க் காவலர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "அரி உண்டோ?" என்று கேட்டார். சண்டைக் காலம், அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி இல்லை. சமைத்துச் சாப்பிடத்தான் என்று என் கணவர் தெரிந்த மலையாளத்தில் சொல்லி, பட்டாளத்து அடையாளச் சீட்டைக் காட்டினார். காவலர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூட்டையைத் தாமே கட்டித் தந்து, "போய்க்கோ" என்றார்.

குமுளியிலிருந்து தேக்கடிக்கு இரண்டரை மைல். காட்டுப் பாதையில் நடந்தோம். கடைசித் திருப்பத்தில் ஏரி தெரிந்தபோது நான் நின்றுவிட்டேன். அவ்வளவு தண்ணீரை ஒருசேரப் பார்த்து எத்தனை காலமாயிற்று! காடு இருந்த இடத்தில் அணை கட்டி நிறுத்திய ஏரி அது. அன்றைக்கு முழுகிய மரங்கள் இன்றும் மொட்டை மொட்டையாகத் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீர்க்காகம். காற்று முகத்தில் அடித்தது. என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன். இலை வாசனையும் சேற்று வாசனையும் வந்தன. உப்பு வாசனை வரவில்லை. அதற்காகக் கண் கலங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

துறையில் குருசாமி என்ற கூடலூர்க்காரரும் அவர் மனைவி இருளாயியும் தோணியில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோடை முழுவதும் தீவில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். எங்களையும் கூட்டிப்போகச் சம்மதித்தார்கள். "தங்குறதுக்கு என்னத்துக்கு அங்கன வர்றீக?" என்று இருளாயி கேட்டாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என் கணவரைத் தலை முதல் கால் வரை பார்த்து, "நல்ல காரியந்தான். நாங்க அந்தப் பக்கம் இருந்துக்கிறோம், திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்" என்றாள். தோணி ஏரியைக் கடக்கும்வரை என் கணவர் இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்திருந்தார்.

தீவு ஒரு சிறிய குன்றின் தலை. மேலே புல்லும் நாலைந்து மரங்களும்; கீழே, வடிந்த தண்ணீர் விட்டுப்போன கரை. அது முயல் தீவின் வெண்மணல் அல்ல. சரளை கலந்த செம்மணல், காலில் குத்தும். ஆனாலும் சின்னச் சின்ன அலை வந்து கரையை நக்கிவிட்டுப் போயிற்று. கூடாரம் அடித்ததும் நான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்தேன். நெடு நேரம் நீந்தினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கரையில் நின்று, "போதும் வந்துரு, ஞானம், வந்துரு!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் விளையாட்டாகத்தான் போயிருந்தேன். அவரோ பாதி உயிராக நின்றிருந்தார்.

அன்று மாலை பாடம் தொடங்கியது. மார்பளவுத் தண்ணீருக்கு அவரை அழைத்துவரவே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. "கையைக் காலை அடிக்க வேண்டாம். மல்லாந்து படுங்க. காது நனையட்டும், வானத்தைப் பாருங்க. நான் முதுகுக்குக் கீழே கை வச்சிருக்கேன்" என்றேன். படுப்பார், காதுக்குத் தண்ணீர் வந்ததும் துள்ளி எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். மறுபடி, மறுபடி. கடைசியில் என் பொறுமை போயிற்று.

"உங்களுக்கு நான் பிடிச்சிருக்கேன்னு நம்பிக்கையே இல்லை!"

"உன்னைய நம்புறேன் தாயி. தண்ணியத்தான் நம்ப முடியல" என்றார்.

இருளாயி கெண்டை மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். நாங்களும் சாப்பிட்டுப் படுத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை. ஏரியின் மேல் பனி விலகிக்கொண்டிருந்தது. நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையிலிருந்து எங்கள் தீவை நோக்கிக் கறுப்பாகச் சில பாறைகள் நகர்வது போலத் தெரிந்தது. அதற்குள் குருசாமியின் குரல் தண்ணீரிலிருந்து வந்தது. "ஆனை வருது, ஆத்தா! அங்கன நிக்காதீக! தோணிக்கு வந்துருங்க!"

யானைகள் நீந்திக்கொண்டிருந்தன. நாலு பெரியவை, நடுவில் ஒரு குட்டி. தீவில் முளைத்த இளம்புல்லைத் தேடிக் கோடையில் அவை அப்படி வருவது வழக்கமாம். வலை எடுக்கப் போயிருந்த குருசாமியும் இருளாயியும் எங்கள் பக்கம் தோணியைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் கரையோரம் முழுக்க மரக்கட்டைகள்; தோணி கிட்டே வர முடியவில்லை. நாங்கள்தான் தண்ணீரில் இறங்கி நடந்து போக வேண்டும்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு. தோணி இன்னும் பத்தடி தூரத்தில் இருந்தது. அடியில் கிடப்பது பழைய மலைச்சரிவு என்பதை நான் மறந்துபோனேன். இன்னும் ஓர் அடி வைத்தோம், தரை இல்லை. என் கையிலிருந்து அவர் கை வழுக்கிவிட்டது. நான் மேலே வந்தேன், அவரைக் காணவில்லை. தலைமுடி மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. "மல்லாந்து படுங்க, மல்லாந்து படுங்க" என்று கத்தினதாக இருளாயி பிறகு சொன்னாள்.

அவர் முகம் மேலே வந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கைகளை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்தார். மார்பு மேலே எழும்பிற்று. மிதந்தார். கண்கள் அகலத் திறந்து வானத்தையே பார்த்தபடி, ஏரியின் மேல், யாரும் பிடிக்காமல் மிதந்தார். நான் நீந்திப் போய் அவர் தலைக்குக் கீழே கை கொடுத்தேன். குருசாமி துடுப்பை நீட்டி எங்களை இழுத்துத் தோணியில் ஏற்றினார்.

தோணியில் ஏறியதும் என் கணவர் சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். "அங்கன பாரு, ஞானம். அம்புட்டுக் கனத்தை வச்சுக்கிட்டு அதுக மிதக்கலையா?"

யானைகள் கரையேறி உடம்பை உலுக்கின. குட்டி ஏற முடியாமல் சரளையில் வழுக்க, பின்னால் வந்த யானை அதைத் தும்பிக்கையால் முட்டித் தள்ளி ஏற்றியது. எங்கள் கூடாரத்தை அவை தொடவில்லை. சட்டியைத்தான் உருட்டிவிட்டுப் போயின. மத்தியானம்வரை நாலு பேரும் தோணியிலேயே உட்கார்ந்து, அவை மேய்ந்து முடித்துத் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் நான் சொல்லாமலே அவர் தண்ணீரில் இறங்கினார். முதலில் என் கை முதுகில் இருந்தது. பிறகு இரண்டு விரல். பிறகு அதையும் எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மேற்கே சிவந்திருந்த வானத்தைப் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே மிதந்தார். காது தண்ணீருக்குள் இருந்ததால் நான் சொன்ன பதில் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. "போகாதீங்க" என்றுதான் சொன்னேன். அதற்கு முன் அவரிடம் நான் அதைச் சொன்னதில்லை. நீந்தத் தெரியாதவரை எப்படிக் கப்பலில் அனுப்புவது என்று மனசுக்குள் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அதையும் என் கையாலேயே எடுத்துவிட்டேன்.

அவர் எழுந்து நின்று காதைத் தட்டிவிட்டு, "என்னமோ சொன்ன?" என்றார்.

"நல்லா மிதந்தீங்கன்னு சொன்னேன்."

புதன்கிழமை காலை கூடாரத்தைப் பிரித்தோம். வானம் மூடியிருந்தது. இன்னொரு நாள் இருக்கலாமா என்று அவர் கேட்டார். மேற்கே மழை இறங்கிவிட்டது, காற்று எழும்பினால் தோணி போகாது என்றார் குருசாமி. இருளாயி எனக்கு ஒரு கருவாட்டுப் பொட்டலம் கொடுத்து, "அவுக வந்த பெறகு ரெண்டு பேருமா வாங்க" என்றாள். திரும்பும் வழியில் என் கணவர் பலகையைப் பிடிக்கவில்லை. ஒரு கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேனியில் அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட்டத்தில் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து அவர் கைகளை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு மயக்கம் என்று நினைத்துத் தாங்கிப் பிடித்தார்.

கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவரிடமிருந்து கடிதம் வந்தது. எந்த ஊர் என்று எழுத அவருக்கு அனுமதி இல்லை. கடல் நான் சொன்னது மாதிரியே இருந்ததாம். வாசனை மட்டும் நான் சொன்னதைவிட அதிகமாம். நானும் பதில் எழுதினேன். எதை எழுதினாலும் ஏரியைப் பற்றித்தான் போய் முடிகிறது.

இதைப் படித்துவிட்டுத் தேக்கடித் தீவுக்குப் போக நினைப்பவர்கள் கோடையில் போக வேண்டும். ஆனி பிறந்து மழை வலுத்தால் ஏரி ஏறிவிடும். கூலிக்குத் தோணி கிடைக்கும். அரிசி குறைவாகவும் கம்பளி அதிகமாகவும் கொண்டுபோங்கள். கரையில் நடக்கும்போது அடுத்த அடியைப் பார்த்து வையுங்கள். நாங்கள் கூடாரம் அடித்த மணல் இந்நேரம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். அடுத்த பங்குனி, சித்திரையில் மறுபடி வெளியே வரும். அதற்குள் சண்டை முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். கூடாரத்தைச் சாரணர்களிடம் நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.