தோட்டுப் பாறையில் செடியும் தவளையும்

வலியசாலையில் எங்கள் கொல்லையைத் தாண்டினால் ஒரு தோடு ஓடும். சின்ன ஓடை, முழங்கால் அளவு தண்ணீர்தான். நடுவில் இருந்த பாறையின் இடுக்கில் காட்டுக் காசித்தும்பை மழைக்காலத்தில் தானாக முளைத்து ரோஸ் நிறத்தில் பூக்கும். அதே பாறையில் பழுப்பாக ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கும். துணி துவைக்கப் போகும்போதெல்லாம் நானும் என் தங்கையும் இரண்டையும் பார்ப்போம்.

"அக்கா, நீ இந்தச் செடி, நான் தவளை. யாராவது வந்தா நான் குதிச்சு ஓடிடுவேன். நீ நின்ன இடத்துலேயே நிப்பே. உன்னைத்தான் பறிச்சுண்டு போவா" என்பாள்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. யாராவது பேர் கேட்டால்கூட வாயடைத்து நின்றுவிடுகிறவள் நான்.

எனக்குப் பதிமூன்று வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் வண்டி நின்றதுமே கொல்லை வழியாக ஓடி, பாவாடை நனைய அந்தப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தங்கை தேடி வந்தாள்.

"வா அக்கா, அம்மா அழறா."

மாட்டேனென்று தலையாட்டினேன்.

"சரி, இரு. நான் போய் நமஸ்காரம் பண்ணிட்டு வந்துடறேன். எந்தப் பொண்ணுன்னு அவாளுக்குத் தெரியவா போறது?"

சிரித்துக்கொண்டே போனாள். பதினொரு வயது. அவளுக்கு அது விளையாட்டு.

சாயங்காலம் நான் திரும்பியபோது தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. இது இளையவள் என்று அப்பா சொல்லிப் பார்த்தாராம். "மூத்தவளோ இளையவளோ, இந்தத் துடுக்குதான் எனக்குப் பிடிச்சிருக்கு. இவளையே குடுங்கோ" என்றாளாம் பிள்ளையைப் பெற்ற மாமி. இனிப் பேச்சில்லை என்றார் அப்பா.

புக்ககம் போனபின் தங்கை எனக்கு ஒரே ஒரு கார்டு போட்டாள். "இங்கே கிணறுதான், அதுவும் பாதாளத்துல. தவளை இருக்கா? கேட்டேன்னு சொல்லு."

அன்றைக்கு நான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். தவளை இருக்கு, பூவும் இருக்கு என்று மட்டும் எழுதிப் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததோ என்னவோ. முதல் பிரசவத்தில் போய்விட்டாள்.

சேதி வந்து சில நாள் கழித்துத் தோட்டுக்குப் போனேன். காசித்தும்பையில் காய் முற்றியிருந்தது. விரல்தான் பட்டது, பட்டென்று வெடித்து விதையெல்லாம் தண்ணீரில் தெறித்தன. செடி குதிக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

தவளை பக்கத்திலேயே இருந்தது. நான் அவ்வளவு கிட்டே போயும் அசையவில்லை.

"ஓடிப் போயிடுடி" என்றேன்.

ஓடவில்லை.