சாம்பல் நிறத்துக்கு ஒரு சத்தம்

பக்கவாதத்தில் பேச்சு போன மனைவி இடதுகையால் ஒரு படம் வரைந்தாள். தாள் முழுக்கச் சாம்பல் நிறம், ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கீற்று. ஸ்டுடியோவில் ‘காது’ என்று பெயரெடுத்த ஒலிப்பதிவாளர் அவள் கணவர். அவள் சொல்ல வருவதைச் சத்தமாகவாவது பிடித்துவிடலாம் என்று முனைந்தார். சாம்பல் நிறத்துக்கு வறண்ட குழாயின் சீறல், காலி லிஃப்டின் முனகல், மஞ்சள் கீற்றுக்கு நடுவே கிண்ணத்தில் ஸ்பூன் படும் ஒலி எல்லாவற்றையும் கலந்து, ஹெட்போனை அவளுக்கு மாட்டினார்.

“இதானாம்மா?”

இல்லையென்று தலையசைத்தாள். முனகலைக் கூட்டினார், ஸ்பூனைக் குறைத்தார், தலைகீழாக நின்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே தலையசைப்புதான்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றபோது அவர் குரல் உடைந்துபோனது. அவள் கண்ணும் கலங்கியது.

“சரி, விடு” என்று ஹெட்போனைக் கழற்றப் போனார். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். வேறு வழி தெரியாமல், தப்பான அந்தச் சத்தத்தையே மறுபடி ஓடவிட்டார்.