வெள்ளானூர்க் கிணற்றுக்குள் ஓடிய ஆறு

1974 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு அம்பத்தூரிலிருந்து வாடகைச் சைக்கிளில் கிளம்பினேன். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். பையில் கல்லூரியில் இரவல் வாங்கிய திசைகாட்டியும் ஒரு நோட்டும். நான் ஜியாலஜி மாணவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பழைய ஆறு விட்டுப்போன படிவையும் இன்று ஓடும் ஆற்றையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். "மெட்ராஸைச் சுற்றி என்னப்பா இருக்கு, வெறும் களிமண். வேற ஊர் பார்" என்றார் ஆசிரியர். எங்கள் பக்கத்தையே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஏழேகால் மணி, பருத்திப்பட்டு. ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர். கூவத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர், கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கரையோரம் ஒதுங்கிய கூழாங்கற்களும் ஓட்டுச் சில்லுகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எல்லாம் தண்ணீர் வரும் மேற்குப் பக்கமாகச் சரிந்திருந்தன. ஓடும் ஆறு கற்களை அப்படித்தான் அடுக்கும். ஐம்பது கற்களை அளந்து குறித்துக்கொண்டேன்.

பத்து மணி. ஆவடியில் டீ குடித்துவிட்டு வெள்ளானூர் சேர்ந்தேன். அக்காவின் கணவர் கண்ணியப்பன் அங்கே கிணறு தோண்டுகிறார். இருபதடி ஆழத்தில் கூழாங்கல் அடுக்கு வந்திருப்பதாக அவர்தான் சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு மணிக்குச் சுவருக்குப் பதிலாக சிமெண்ட் வளையமான உறையை இறக்கிவிடுவார்கள். அப்புறம் அந்த அடுக்கை யாரும் பார்க்க முடியாது.

கயிற்றைப் பிடித்து இறங்கினேன். முஷ்டி அளவுக் கற்கள்! இன்றைய கூவத்தால் இவற்றை அசைக்கக்கூட முடியாது. பரபரப்போடு திசைகாட்டியை வைத்தேன். ஒரு கல் வடக்கே சரிவதாகக் காட்டியது, அடுத்தது தெற்கே, அதற்கடுத்தது கிழக்கே.

"இன்னா மச்சான், ஆறு குட்ச்சிட்டு ஓடிச்சா?" என்றார் கிணற்றுக்குள் என் பக்கத்தில் நின்ற கண்ணியப்பன்.

ஒரு மணி நேரம் அளந்தது வீண். அவர் சிரித்துக்கொண்டே என் முழங்காலருகே கிடந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் சாய்த்தார். திசைகாட்டியின் முள் அவர் பின்னாலேயே திரும்பியது.

"மாமா, இரும்பு! அதுதான் முள்ளை இழுக்குது. எல்லாத்தையும் மேல அனுப்புங்க!"

மேலே இருந்து மேஸ்திரி கத்தினார்: "இன்னாய்யா வெளாட்டு? உறை காத்துகினு கீது!"

"அரை மணி குடு மேஸ்திரி. எங்க ஊட்ல காலேஜ் போற ஒரே ஆளு. வெறுங்கையோட அனுப்ப சொல்றியா?"

கடப்பாரை, மண்வெட்டி, இரும்புவாளி எல்லாம் மேலே போயின. முதலிலிருந்து தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல, அளந்த கல்லில் அவர் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். ஐம்பதில் நாற்பதுக்கும் மேல் மேற்கே சரிந்திருந்தன. கூவத்தைப் போலவே!

பன்னிரண்டரைக்கு முதல் உறை இறங்கியது. பொட்டு வைத்த கற்கள் மறைந்தன.

"அப்போ இங்க ஆறு எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார் மாமா.

"கிழக்கே மாமா. கூவத்தை விடப் பெரிய ஆறு."

அவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: "மேஸ்திரி, நீ ஆத்து மேல நின்னுகினு கீற, பாத்து!"

திரும்பும் வழியெல்லாம் சைக்கிளை மிதித்ததே தெரியவில்லை. கல்லூரியில் கங்கைச் சமவெளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கடியில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இனி யாராவது கேட்டால், இறங்கிப் பார்த்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் இருக்கிறது.